சுத்திகரிப்பு நிலையத்தில் சோதித்த தண்ணீரைத் தெருக்குழாயில் மறுபடியும் சோதிப்பது எதற்கு?

நிலையத்தை விட்டுக் கிளம்பும் தண்ணீர் அப்படியே உங்கள் வீட்டுக் குழாய்க்கு வந்து சேர்வதில்லை. நடுவே பல கிலோமீட்டர் குழாய், மேல்நிலைத் தொட்டி, வால்வுகள், பழைய இணைப்புகள். விநியோகம் நின்று அழுத்தம் விழுந்ததும், அதுவரை தண்ணீர் வெளியே கசிந்த விரிசல் வழியாகவே மண்ணில் ஊறிக் கிடக்கும் கழிவுநீர் உள்ளே இழுபடும். நிலையத்து அறிக்கையில் இது எப்படித் தெரியும்?

மாதிரி எடுக்கும் வேலையைச் சில ஆண்டுகள் செய்தவன் நான். எப்போதும் முதலில் பார்ப்பது மீதக் குளோரினைத்தான், அதாவது கிருமிகளைக் கொல்லப் போட்ட குளோரினில் தண்ணீரில் இன்னும் மிஞ்சியிருப்பதை. குளோரினைக் காட்டும் டிபிடி (DPD) மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைக் குழாயடியிலேயே சொல்லிவிடலாம். பயனாளரைச் சேரும் இடத்தில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நேற்று 0.5 இருந்த குழாயில் இன்று நிறமே வரவில்லையா? அப்படியானால் உள்ளே புகுந்த அழுக்கோடு வினைபுரிந்து குளோரின் தீர்ந்திருக்கலாம். அன்றைக்கே அந்தத் தெருவின் குழாய்த்தடத்தைத் தேடிப் போக வேண்டும்.

மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கான சோதனையும் கட்டாயம் வேண்டும். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆனால் முடிவு வர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதற்குள் ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருக்கும். இன்னொன்று, மாதிரிப் புட்டியில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் போடாவிட்டால் ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும். கெட்ட தண்ணீருக்கு நல்ல சான்றிதழ் கிடைத்துவிடும்.

எங்கே எடுக்கிறோம் என்பதும் முக்கியம். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் எடுத்தால் எண் அழகாகத்தான் வரும். தண்ணீர் தேங்கி நிற்கும் கடைமடைக் குழாய்க்குப் போக வேண்டும்.

கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் கனமழைக்குப் பிறகு மாட்டுச்சாணக் கிருமிகள் ஊரின் குடிநீர்க் கிணற்றில் இறங்கின. 7 பேர் இறந்தார்கள். 2,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நாள்தோறும் அளக்க வேண்டிய குளோரினைக் குடிநீர் ஊழியர்கள் அளக்காமல் பதிவேட்டில் பொய்யான எண்களை எழுதி வந்தது விசாரணையில் தெரிந்தது. அதைப் படித்த நாளிலிருந்து, வாரக்கணக்கில் ஒரே எண் நிற்கும் பதிவேட்டைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். உண்மையான குழாய் அப்படி நடந்துகொள்ளாது.

ஆகவே உங்கள் குடிநீர் அலுவலகத்தில் “தண்ணீர் நல்லதா?” என்று கேட்காதீர்கள். “எங்கள் பகுதியின் கடைசிக் குழாயில் மீதக் குளோரின் எவ்வளவு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு அளந்தீர்கள்?” என்று கேளுங்கள்.