கேள்வி – பதில்: தலைமை நடத்துநரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெர்லின் ஃபில்ஹார்மோனிக் போன்ற பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தலைமை நடத்துநரை (கையசைத்து இசைக்குழுவை வழிநடத்தும் கண்டக்டரை) நியமிப்பது யார்? பெயரை அறிவித்த பிறகும் அவர் பொறுப்பேற்க ஏன் சில ஆண்டுகள் ஆகின்றன?
– வாசகர், தருமபுரி

பெர்லினில் வாசிக்கும் கலைஞர்களே வாக்களிக்கிறார்கள். யாரும் விண்ணப்பம் போடுவதில்லை; யாரை வேண்டுமானாலும் கலைஞர்கள் முன்மொழியலாம். 2018-ல் விலகப்போவதாக அப்போதைய தலைமை நடத்துநர் சைமன் ராட்டில் 2013-லேயே சொல்லிவிட்டார். 2015 மே 11 அன்று கலைஞர்கள் ஒரு தேவாலயத்தில் கூடி, சுமார் 11 மணி நேரம் பேசியும் முடிவு கிடைக்கவில்லை. ஜூன் 21-ல் மறுபடி கூடித்தான் கிரில் பெட்ரென்கோவைத் தேர்ந்தெடுத்தார்கள். மியூனிக் ஓபராவில் அவருக்குப் பொறுப்பு இருந்ததால் 2019-ல்தான் பெர்லினில் பதவியேற்றார். பெயர்பெற்ற நடத்துநர்களின் தேதிகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நிரம்பிவிடும். காலதாமதத்துக்குக் காரணம் இதுதான். கிளாவுஸ் மேக்கலாவின் பெயரை அமெரிக்காவின் சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா 2024-ல் அறிவித்தது. அவர் பொறுப்பேற்பது 2027-ல்.

அமெரிக்காவில் நிர்வாகக் குழுவினர், அலுவலர்கள், கலைஞர்கள் சேர்ந்த தேடல் குழு பெயரைப் பரிந்துரைக்கும். இறுதி முடிவு நிர்வாகக் குழுவுடையது.

எங்கே ஆனாலும் உண்மையான நேர்காணல், விருந்தினராக வந்து நடத்தும் அந்த ஒரு வாரம்தான். மூன்று நான்கு ஒத்திகை, பிறகு கச்சேரி. கலைஞர்கள் முதலில் கவனிப்பது, ஒலி எழுவதற்கு முன் கை மேலே போகும் விதத்தை. வேகம், அழுத்தம், மூச்சு மூன்றும் அந்த ஒரு அசைவிலேயே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஐம்பது அறுபது தந்தி வாத்தியங்களும் சிதறித்தான் தொடங்கும். அடுத்தது, நிறுத்தினால் என்ன சொல்கிறார் என்பது. “இன்னும் உணர்ச்சி வேண்டும்” என்றால் இரண்டாம் பஸ்ஸூன் (நீண்ட மரக் குழல் வாத்தியம்) வாசிப்பவர் என்ன செய்வார்? எந்த பார் (இசைக்குறிப்பில் ஒரு தாளக் கட்டம்), எந்த வாத்தியம், ஸ்வரம் நீளமா குறுக்கமா என்று சொல்பவருக்கே மரியாதை.

முதல் வாரம் எல்லோருக்கும் இனிக்கும். அதை நம்பி முடிவெடுப்பது ஆபத்து. இரண்டாவது முறை அழைத்து, இசையமைப்பாளர் ஹைடனின் ஒரு சிம்பொனியாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு இசையமைப்பாளரான மாலரின் பெரும் ஓசையில் மறையும் குறைகள், ஹைடனின் சின்னக் குழுவில் ஒன்றுவிடாமல் வெளியே வந்துவிடும்.

தலைமை நடத்துநரே இல்லாமல் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இயங்க முடியுமா?
– வாசகர், பென்னாகரம்

முடியும். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் 1933-லிருந்து அந்தப் பதவியே இல்லை. விருந்தினர்களை வைத்தே நடத்துகிறார்கள். ஆனால் அவர்கள் வியன்னா அரசு ஓபராவில் இரவுதோறும் சேர்ந்து வாசிப்பவர்கள். அந்தப் பழக்கம் இல்லாத குழு இதைப் பின்பற்றினால், வாரத்துக்கு ஒரு பாணியாக அலைந்து தன் சொந்த நாதத்தை இழந்துவிடும்.

எங்கள் சர்ச் கொயரில் 30 பேர். மாஸ்டர் ஓய்வு பெறுகிறார். மூன்று பேர் பெயர் அடிபடுகிறது, ஒருவர் பெங்களூருக்காரர். எப்படித் தேர்ந்தெடுக்கலாம்?
– வாசகி, ஓசூர்

மூவருக்கும் வெவ்வேறு நாளில் ஒரே மாதிரி 45 நிமிடம் கொடுங்கள். எல்லோருக்கும் மனப்பாடமான கிறிஸ்துமஸ் பாட்டு வேண்டாம்; அது தானாகவே ஓடும், மாஸ்டரின் திறமை தெரியாது. நான்கு குரலில் எழுதிய, குழு பாடியிராத பாடல் ஒன்றை ஒரு வாரம் முன்பே மூவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

தொடக்க சுருதியை நான்கு குரலுக்கும் தெளிவாகக் கொடுக்கிறாரா? ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பிரிவுடன் உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்களைச் சும்மா விட்டுவிடுகிறாரா? கீபோர்டு இல்லாமல் ஒரு முறை பாடச் செய்து, கடைசி ஸ்வரத்தைக் கீபோர்டில் தட்டிப் பாருங்கள். அரை ஸ்வரம் இறங்கியிருந்தால் அது அவர் குற்றமில்லை, புதுப் பாட்டில் நடப்பதுதான். அவர் காதில் அது விழுந்ததா, மூச்சு எடுக்கும் இடத்தைத் திருத்தினாரா என்பதே கேள்வி. செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும், யாரும் வாய் திறக்கும் முன் அனைவரும் கருத்தைச் சீட்டில் பெயரில்லாமல் எழுதித் தரட்டும். பெரியவர் ஒருவர் முதலில் பேசிவிட்டால் இளையவர்கள் அதையே சொல்வார்கள். இருவர் நெருக்கமாக வந்தால் மறுபடி அழைத்து, ஞாயிறு ஆராதனையில் ஒரு பாட்டு நடத்தச் சொல்லுங்கள்.

பெங்களூருக்காரரைத் தேர்ந்தால் பயிற்சியைச் சனிக்கிழமை மதியத்துக்கு வையுங்கள். வார நாள் மாலையில் எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி நேரத்துக்கு வர முடியாது. பயணச் செலவு யாருடையது என்பதையும் முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.