லாபம் வரும் வழியில் தொடங்கும் பொறுப்பு

"நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்பது தொண்டா, விளம்பரமா, கடமையா? அதனால் தொழிலுக்கும் சமுதாயத்துக்கும் உண்மையில் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் சில ஆண்டுகளும், பிறகு அதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு அறிக்கையைத் தொகுக்கும் பணியில் சில ஆண்டுகளும் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஒரு நிறுவனம் தன் லாபத்திலிருந்து எவ்வளவு எடுத்துக் கொடுக்கிறது என்பதை வைத்து அதன் பொறுப்பை அளக்க முடியாது. அந்த லாபம் எந்த வழியில் வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டு மேசைகளிலும் உட்கார்ந்து வேலை பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது.

கொள்முதல் பிரிவில் எங்களுக்கு வைக்கப்பட்டிருந்த இலக்குகள் இரண்டு: வாங்கும் விலையைக் குறைப்பது, பணம் கொடுக்கும் நாளைத் தள்ளிப் போடுவது. உதிரி பாகங்கள் செய்து தரும் சிறிய பட்டறைகள் சரக்கை ஒப்படைத்துவிட்டு மூன்று மாதங்களுக்கு மேல் பணத்துக்காகக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் தங்கள் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க அவர்கள் வட்டிக்குக் கடன் வாங்குவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டில், அதே நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து, அதாவது சமூகப் பொறுப்புக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து, சிறுதொழில் முனைவோருக்கு நிதி மேலாண்மைப் பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன. பயிற்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஆசிரியர்கள், அக்கறையான ஏற்பாடு. ஆனால் சிறுதொழில்கள் திணறுவதற்கான காரணங்களில் ஒன்றை நாங்களே உண்டாக்கிக்கொண்டு, அந்தத் திணறலுக்கு மருந்தாக வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். அறிக்கையில் அந்த வகுப்புகளுக்கு வண்ணப் படங்களோடு இரண்டு பக்கங்கள் ஒதுக்கப்பட்டன. பாக்கித் தொகை பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த விவாதம் புதியதல்ல. தொழிலதிபரின் சமூகப் பொறுப்புகள் குறித்து அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவன் 1953இல் வெளியிட்ட நூலைத்தான் இத்துறையின் நவீன தொடக்கமாகப் பலரும் கொள்கின்றனர். அதற்கு மிகக் கடுமையான மறுப்பு 1970 செப்டம்பரில் இன்னோர் அமெரிக்கப் பொருளியலாளரான மில்டன் ஃப்ரீட்மன் ஒரு நாளிதழின் இணைப்பிதழில் எழுதிய கட்டுரையில் வந்தது. நிறுவனத்தின் மேலாளர் பங்குதாரர்களால் நியமிக்கப்பட்டவர். அவர் பொதுநன்மை என்று தாம் கருதும் ஒன்றுக்காக நிறுவனத்தின் பணத்தைச் செலவிட்டால், அது பங்குதாரரின் பணமாகவோ வாடிக்கையாளரின் பணமாகவோ தொழிலாளியின் பணமாகவோதான் இருக்கும். அப்படிச் செய்பவர், யாரும் தேர்ந்தெடுக்காமலேயே வரி விதித்து அதைச் செலவும் செய்கிறார் என்பது ஃப்ரீட்மனின் வாதம். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிறர் பணத்தில் தமக்குப் பிடித்த அறப்பணியைச் செய்து அதற்குத் தம் பெயரையும் சூட்டிக்கொள்ளும் தலைவர்களைப் பார்க்கும்போது அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்த வாதம் எதைத் தாக்குகிறது, எதைத் தாக்கவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லாபத்தைக் கூட்டுவது சமுதாயத்தின் அடிப்படை விதிகளுக்கு, அதாவது சட்டத்துக்கும் நெறிசார்ந்த வழக்கத்துக்கும், உட்பட்டே நடக்க வேண்டும் என்று ஃப்ரீட்மனும் அதே கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். ஆற்றில் கழிவைக் கலக்கும் ஆலை, அதைச் சுத்திகரிக்கும் செலவை மிச்சப்படுத்துகிறது. அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை, ஆற்று நீரை நம்பியிருப்பவர்களின் தலையில் போய் விழுகிறது. பொருளியலில் இதைப் புறவிளைவு என்பார்கள். அந்த ஆலை சுத்திகரிப்பு நிலையம் அமைத்தால் யாருக்கும் எதையும் தானம் செய்யவில்லை. தன் செலவைத் தானே ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். பங்குதாரரின் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்காது. ஏனென்றால் அந்தப் பணம் தொடக்கத்திலேயே பங்குதாரருக்கு உரியதாக இருக்கவில்லை.

மேலாண்மைப் பேராசிரியர் ஆர்ச்சி கேரல் 1991இல் வரைந்து காட்டிய நான்கடுக்குப் பிரமிடு இன்றும் மேலாண்மை வகுப்புகளில் சொல்லித் தரப்படுகிறது. அடியில் பொருளாதாரப் பொறுப்பு, அதன் மேல் சட்டப் பொறுப்பு, அதன் மேல் அறநெறிப் பொறுப்பு, உச்சியில் கொடைப் பொறுப்பு. உச்சியில் இருப்பதாலேயே கொடைதான் உயர்ந்தது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற மூன்றையும்விட அது முக்கியம் குறைந்தது என்பதுதான் கேரலின் கருத்து.

கொடைக்கும் பொறுப்புக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு பெரியது என்பதற்கு 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே சாவரில் இடிந்து விழுந்த ராணா பிளாசா கட்டடத்தைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. எட்டு மாடிக் கட்டடம். மேல் மாடிகள் முறையான அனுமதியின்றி எழுப்பப்பட்டவை. அவற்றில் ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. முந்தைய நாளே சுவர்களில் விரிசல் கண்டதால் கட்டடத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் காலை வேலைக்கு வந்தே தீர வேண்டும் என்று உள்ளே அனுப்பப்பட்டனர். 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே தைத்த ஆடைகளை வாங்கிய மேலை நாட்டு வணிகப் பெயர்களில் பலவற்றுக்கு அச்சிட்ட நடத்தை விதிகள் இருந்தன. சில தொழிற்சாலைகள், தொழிலாளர் நிலையை ஆராயும் சமூகத் தணிக்கைக்கும் உட்பட்டிருந்தன. கட்டடத்தின் உறுதியைப் பார்ப்பது அந்தத் தணிக்கையின் வரம்பிலேயே வரவில்லை.

கொள்முதல் பிரிவில் இருந்தவன் என்பதால் இந்த நிகழ்வை நான் வேறொரு கோணத்திலும் பார்க்கிறேன். விலை குறைய வேண்டும், சரக்கு குறித்த நாளில் வர வேண்டும், தாமதமானால் அபராதம் என்று ஒரு பிரிவு நெருக்கும்போது, தொழிலாளர் நலனைக் காக்க வேண்டும் என்று அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவு அனுப்பும் கடிதத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? தொழிற்சாலை முதலாளிக்கு இரண்டு உத்தரவுகள் வருகின்றன. அடுத்த ஆர்டரைத் தருவது எதுவோ அதற்குத்தான் அவர் கட்டுப்படுவார். விபத்துக்குப் பிறகு 2013 மே மாதத்தில் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளுக்கும் ஆடை நிறுவனங்களுக்கும் இடையே கையெழுத்தான தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் இதுதான். அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்; நாளடைவில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன; ஆய்வாளர்கள் வாங்குபவருக்கோ ஆலை முதலாளிக்கோ கட்டுப்படாத தனிப் பொறியாளர்கள். பழுது நீக்கும் செலவைத் தாங்கும் வகையில் வணிக நிபந்தனைகளை அமைக்க வேண்டும் என்ற கடப்பாடும் வாங்குபவர்மீது வைக்கப்பட்டது. ஒப்பந்தத்தை மீறியதாக இரண்டு நிறுவனங்கள்மீது தொழிற்சங்கங்கள் தொடுத்த வழக்குகள் தி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் நீதிமன்றம்வரை சென்று சமரசத்தில் முடிந்தன. கேட்பதற்கு ஓர் அமைப்பு இருந்ததால்தான் அந்த வாக்குறுதிக்குப் பல் முளைத்தது.

அறிக்கைகளையும் தரவரிசைகளையும் மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு 2015 செப்டம்பர் ஒரு பாடம். அந்த மாதத்தில்தான், நிறுவனங்களைச் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அடிப்படையில் மதிப்பிடும் டவ் ஜோன்ஸ் நீடித்தநிலைக் குறியீடு வாகனத் துறையின் முன்னணி நிறுவனமாக வோக்ஸ்வேகனை அறிவித்தது. அதே மாதத்தில்தான் அந்நிறுவனத்தின் டீசல் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிப்படுத்தியது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வாகனங்களில் அந்த மென்பொருள் இருந்தது. பின்னர் குறியீட்டிலிருந்து அந்நிறுவனம் நீக்கப்பட்டது.

சட்டத்தால் இதைச் சரிசெய்யலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. இரண்டு நாடுகள் இரண்டு வழிகளில் முயன்றிருக்கின்றன. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இதனால் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் உண்மையான பணம் போய்ச் சேர்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் நிறுவனத்தின் வழக்கமான தொழில் நடவடிக்கைகள் இந்தக் கணக்கில் சேராது என்று விதிகள் சொல்கின்றன. செலவுக் கணக்குக்கு அது தேவையான வரையறைதான். இருந்தாலும், 2 சதவீதத்தைக் கொடுத்துவிட்டால் மீதி 98 சதவீதம் எப்படி வந்தது என்ற கேள்வி எழாது என்ற மனப்போக்கை அது வளர்த்துவிடுகிறது. பிரான்ஸ் 2017இல் கொண்டுவந்த விழிப்புக் கடமைச் சட்டம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது: பெரிய நிறுவனங்கள் தங்கள் துணை நிறுவனங்களிலும் சரக்கு வழங்குவோரிடத்திலும் மனித உரிமைக்கும் சுற்றுச்சூழலுக்கும் நேரக்கூடிய தீங்குகளை முன்கூட்டியே கண்டறிந்து, தடுக்கும் திட்டத்தை வெளியிட வேண்டும், தவறினால் நீதிமன்றம் போகலாம். எனக்கு இரண்டாவது வழியே சரியெனப்படுகிறது.

தொழிலுக்கு இதனால் லாபம் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பொறுப்பான நடத்தைக்கும் நிதி நிலைக்கும் இடையே சிறிய அளவில் சாதகமான தொடர்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். பொறுப்பால் லாபம் வந்ததா, லாபம் இருந்ததால் பொறுப்புக்குச் செலவிட முடிந்ததா என்பதைப் பிரிப்பது கடினம். எனவே "நல்லது செய்தால் லாபம் தானே வரும்" என்று இயக்குநர் குழுவிடம் வாக்குக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. லாபம் வராத ஆண்டில் அந்த வாக்கே திட்டத்தைக் கொன்றுவிடும். நம்பிக்கையைக் காப்பதற்கு விலை கொடுத்தாக வேண்டிய நாள் வரும் என்பது மட்டும் நிச்சயம். 1982இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ சயனைடு கலந்த டைலினால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளை உண்டு ஏழு பேர் இறந்தபோது, தயாரிப்பில் தவறு இல்லாத நிலையிலும் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3.1 கோடிப் புட்டிகளைத் திரும்பப் பெற்று, 10 கோடி டாலருக்கும் மேல் செலவை ஏற்றது. பிறகு, திறந்தால் தெரிந்துவிடும் உறையுடன் மருந்தை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்து இழந்த இடத்தைப் பிடித்தது. அதே நிறுவனம் பின்னாளில் தன் டால்கம் பவுடர் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு நெருக்கடியில் காட்டிய நேர்மை அடுத்த நெருக்கடிக்கு முன்பணம் ஆகாது.

கொடையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். ஆற்றுக் குருட்டு நோய்க்கு எதிரான ஐவர்மெக்டின் மருந்தைத் தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தருவதாக 1987இல் மெர்க் நிறுவனம் அறிவித்தது. நோயாளிகளோ அவர்களுடைய அரசுகளோ விலை கொடுத்து வாங்க முடியாத மருந்து அது. அந்தக் கொடையின் துணையோடு கொலம்பியா, ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா ஆகிய நாடுகள் 2013க்கும் 2016க்கும் இடையே அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றன. தன்னால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றை, கால வரம்பு வைக்காமல் அந்நிறுவனம் செய்தது. பெரும்பாலான சி.எஸ்.ஆர். திட்டங்களில் இந்த இரண்டு குணங்களும் இருப்பதில்லை.

ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் படங்களைப் புரட்டிவிட்டு நிதிநிலை அறிக்கைக்குப் போங்கள். சரக்கு வழங்கியோருக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு, ஒப்பந்தத் தொழிலாளர்களின் பங்கு என்ன, பணியிட விபத்துகளின் எண்ணிக்கையில் அவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் நிறுவனத்தில், சிறு பட்டறைகளுக்குப் பணம் கொடுக்க ஆகும் சராசரி நாட்களை அறிக்கையில் அச்சிட வேண்டும் என்று நான் கேட்டபோது முதல் ஆண்டு மறுத்துவிட்டார்கள். இரண்டாம் ஆண்டு, நிதிப் பிரிவின் தலைவரே என் பக்கம் நின்றதால் அந்த எண் அச்சாயிற்று. அதைப் படித்த இயக்குநர் ஒருவர் கூட்டத்தில் காரணம் கேட்டார். அதற்கடுத்த ஆண்டில் காத்திருப்பு பாதியாகக் குறைந்தது. பயிற்சி வகுப்புகளுக்கு வந்துகொண்டிருந்த பட்டறைக்காரர்களில் ஒருவர், இந்த முறை கடன் வாங்காமல் சம்பளம் கொடுத்ததாக என்னிடம் சொன்னார்.