தீப்பெட்டியின் விலை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் மளிகைக் கணக்கு நோட்டு கிடைத்தது. 1993-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில் 'தீப்பெட்டி 4 – 1.00' என்று இருக்கிறது. பருப்பு, எண்ணெய் விலைகளை இன்றோடு ஒப்பிட்டால் தலை சுற்றுகிறது. தீப்பெட்டி மட்டும் 2 ரூபாயில் சாதுவாக நிற்கிறது. விலை ஏறாத பொருள் இது ஒன்றுதானோ?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

அப்பாவின் கணக்கு சரி, உங்கள் முடிவுதான் தவறு. 25 காசுப் பெட்டி 2 ரூபாய் ஆகியிருக்கிறது. எட்டு மடங்கு! இதுவா சாது?

1995-இல் 50 காசு, 2007-இல் 1 ரூபாய், 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய். ஒவ்வொரு முறையும் நூறு சதவீதம். பெட்ரோல் 2 ரூபாய் ஏறினால் தெருவில் இறங்குகிற நாம் இதற்கு முணுமுணுக்கக்கூட இல்லை.

தீப்பெட்டியின் விலையைத் தீர்மானிப்பது சில்லறை. பெட்டிக்கடையில் 1 ரூபாய் 20 காசு என்று ஒரு பொருளை விற்க முடியாது. 25 காசு 2011-இல் செல்லாக்காசானது. 50 காசு சட்டப்படி செல்லும், கடைக்காரரிடம் செல்லாது. ஆகவே அடுத்த நாணயம் வரை காத்திருந்து ஒரே தாவாகத் தாவவேண்டும். கடைசித் தாவலுக்கு 14 ஆண்டுகள் ஆயின.

அதுவரை ஆலைக்காரர் என்ன செய்வார்? சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் பெரும்பாலும் சிறிய ஆலைகள். 2021-இல், உரசும் பட்டையில் பூசுகிற சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810-க்குப் போனது. மெழுகும் அட்டையும் கூடவே ஏறின. 600 பெட்டி கொண்ட பண்டலுக்கு அவர்களுக்குக் கிடைத்ததோ 270 முதல் 300 ரூபாய். பெட்டிக்கு 50 காசைத் தாண்டவில்லை. நாம் கடையில் கொடுத்த ரூபாயில் பாதி, ஆலைக்கும் நமக்கும் நடுவிலேயே இறங்கிக்கொண்டது.

விலையைத் தொட முடியாதபோது கை வைக்க மிஞ்சுவது பெட்டிக்கு உள்ளேதான். 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இளைத்துக்கொண்டே வருவதும் இப்படித்தான். ஆனால் தீப்பெட்டிக்காரர்கள் விலையை ஏற்றியபோது 36 குச்சியை 50 ஆக்குவதாகவும் அறிவித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு குச்சி 2.8 காசிலிருந்து 4 காசு ஆனது. உயர்வு 44 சதவீதம்தான். மேலே நூறு என்று நான் முழங்கியது பெட்டிக்கணக்கு. அடுப்பு பற்றுவது குச்சியால் அல்லவா.

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து எண்ணினேன். 43 இருந்தன. இரண்டில் மருந்தே இல்லை, ஒன்று பாதியாக முறிந்திருந்தது. (எங்கள் வீட்டில் அடுப்புக்கு லைட்டர்தான். பெட்டிகள் எல்லாம் 2 ரூபாய் சில்லறைக்குப் பதிலாகக் கடைக்காரர் தள்ளிவிட்டவை. அலமாரியில் ஏழு சேர்ந்திருக்கின்றன.)

அந்த நோட்டு 1995 வரை போகிறதா? 25 காசு 50 ஆன மாதத்தில் அப்பா ஓரத்தில் ஏதாவது குறித்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.