பெயர் வராத குரல்: மார்னி நிக்சன் பற்றி வாசகர் கேள்விகள்

கே: 'மை ஃபேர் லேடி' படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் சொந்தக் குரலில் பாடவில்லை என்கிறான் என் மகன். அப்படியானால் பாடியது யார்? டைட்டிலில் யார் பெயரும் இல்லையே! (ஒரு வாசகி, கும்பகோணம்)

ப: மகன் சொல்வது பெரும்பாலும் சரி. 'ஜஸ்ட் யூ வெயிட்' போன்ற பாட்டுகளில் சில இடங்களில் ஹெப்பர்னின் சொந்தக் குரலே இருக்கிறது. மற்றபடி நாம் கேட்பது மார்னி நிக்சன். 1930-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். இந்த ஒரு படம் மட்டுமில்லை, 'தி கிங் அண்ட் ஐ' (1956) படத்தில் டெபோரா கெருக்கும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) படத்தில் நடாலி வுட்டுக்கும் பாடியவர் இவர்தான். மர்லின் மன்றோவின் புகழ்பெற்ற 'டயமண்ட்ஸ் ஆர் எ கேர்ள்ஸ் பெஸ்ட் ஃப்ரெண்ட்' என்ற வைரப் பாட்டில் உச்சத்தில் வரும் சில ஸ்வரங்கள் கூட இவருடையவை.

நம் படங்களில் பின்னணி பாடுகிறவர்களின் பெயர் டைட்டிலில் வரும், அவர்களுக்கென்று தனியாக ரசிகர்களும் இருப்பார்கள். ஹாலிவுட்டில் அன்று நடிகையே பாடுகிறார் என்று ஜனங்கள் நம்ப வேண்டும். 'தி கிங் அண்ட் ஐ' நேரத்தில், வெளியே சொன்னால் இந்த ஊரில் இனி உனக்கு வேலையே கிடைக்காது என்று மிரட்டினார்கள் என நிக்சனே பின்னால் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கிடைத்த பணம் 420 டாலர். உண்மையைப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னது டெபோரா கெர்தான், அந்தப் பெருந்தன்மைக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அப்புறம் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைத்தட்டு விற்றுத் தள்ளியபோது நிக்சனுக்குப் பங்கு தர யாருமே முன்வராத நிலையில், இசையமைப்பாளர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் தன் ராயல்டியிலிருந்து கால் சதவீதத்தை அவருக்கு விட்டுக் கொடுத்தார்.

கே: மூன்று நடிகைகளுக்கும் மூன்று விதமான குரல். ஒருவரே எப்படிப் பாட முடிந்தது? (கோவை)

ப: வெறும் மிமிக்ரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நடிகை பேசும்போது மூச்சை எங்கே எடுக்கிறார், எந்த எழுத்தை அழுத்துகிறார், வாயை எவ்வளவு திறக்கிறார் என்று பார்த்துப் பார்த்து, அவருக்குப் பாட வந்திருந்தால் எப்படிப் பாடியிருப்பாரோ அப்படிப் பாட வேண்டும், அதிலும் பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவும் இடத்தில் ஒட்டுப்போட்ட தடம் தெரியவே கூடாது. கெரோடு நிக்சன் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார். பதிவின்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், கெர் பேசுவது போல இழுக்கும் வரி முடிந்ததும் நிக்சன் எடுத்துக்கொள்வார்.

நடாலி வுட் விஷயத்தில் அந்த வசதி கிடைக்கவில்லை. தன் குரலே படத்தில் வரும் என்று அவரை நம்ப வைத்திருந்தார்கள், அவரும் தான் பாடிய பதிவுக்கு வாயசைத்து நடித்து முடித்துவிட்டார். அதற்கு மேல் நிக்சனைக் கூப்பிட்டு, ஏற்கெனவே படமாகிவிட்ட அந்த உதட்டசைவுக்குப் பாட வைத்தார்கள். வுட் தாளத்தில் கொஞ்சம் முன்னே பின்னே போன இடங்களையும் அப்படியே பின்தொடர்ந்தாக வேண்டும். இது போதாதென்று ஐந்து குரல்கள் சேரும் 'குவின்டெட்' பகுதியில் அனிட்டா என்ற இன்னொரு பாத்திரத்துக்கும் நிக்சனே பாடினார், அதாவது ஒரே பாட்டில் இரண்டு பாத்திரங்கள். வுட், நிக்சன் இருவருக்குமே இது அநியாயம்தான். தன் குரலை எடுத்துவிடுவார்கள் என்று தெரியாமலே நடித்தார் ஒருவர், பாடிய இன்னொருவருக்குப் பெயரே இல்லை.

கே: அவர் முகத்தை எந்தப் படத்திலாவது பார்க்க முடியுமா? (மதுரை)

ப: முடியும். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965). கதாநாயகி மரியாவைப் பற்றிப் புலம்பிப் பாடும் கன்னியாஸ்திரிகளில் சிஸ்டர் சோஃபியாவாக வருகிறவர். அதற்கு முந்தைய வருஷமே நியூயார்க்கின் சிட்டி சென்டர் மேடையில் 'மை ஃபேர் லேடி'யின் கதாநாயகி எலைசாவாகத் தன் முகத்தோடும் பெயரோடும் நடித்துப் பாடிவிட்டார். எழுபது வயது தாண்டியும் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் 'ஃபாலீஸ்', 'நைன்' நாடகங்களில் நடித்தார். 2007-ல் 'மை ஃபேர் லேடி' மேடைக்கே திரும்பி வந்தார், இந்தத் தடவை பாட்டே இல்லாத மிஸஸ் ஹிக்கின்ஸ் வேடத்தில். 2016-ல் காலமானார்.

கே: மகள் மேற்கத்திய வாய்ப்பாட்டு படிக்கிறாள். மியூசிகல் பாட்டுகள் பாடினால் கிளாசிக்கல் குரல் கெட்டுவிடும் என்கிறார் ஆசிரியர். உண்மையா? (சென்னை)

ப: பாதி உண்மை. மைக் இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்கிற ஆபரா (மேற்கத்திய இசை நாடகம்) குரல் ஒரு வகை. பேச்சுக்குப் பக்கத்தில் நின்று, நெஞ்சுக் குரலை மேலே ஏற்றிப் பாடும் 'பெல்ட்' இன்னொரு வகை. முறையாகக் கற்காமல் இரண்டாவதை வலிந்து செய்தால் தொண்டை கட்டும், அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் இரண்டும் ஒரே தொண்டையில் வாழாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிக்சன் கெருக்காகப் பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், நவீன இசையமைப்பாளர் ஆன்டன் வெபர்னின் பாடல்களை ராபர்ட் கிராஃப்ட் நடத்திப் பதிவு செய்தபோது அவற்றிலும் பாடினார். வெபர்ன் எழுதிய வரிகள் ஸ்வரத்துக்கு ஸ்வரம் எங்கோ தாவும், பிடித்துக்கொள்ள ஒரு ராகமோ மெட்டோ கிடையாது, நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் சுருதி பிசகாமல் பாடத் தெரிந்தவர்களே அதற்குப் பக்கத்தில் போக முடியும். ஷோன்பெர்க், ஐவ்ஸ், ஸ்ட்ராவின்ஸ்கி போன்ற மற்ற நவீன இசையமைப்பாளர்களின் பாடல்களையும் பாடியவர். அந்தப் பயிற்சி இருந்ததால்தான் ஸ்டுடியோவில் அவ்வளவு விரைவாகக் கற்று, அவ்வளவு துல்லியமாக இன்னொருவராக மாற முடிந்தது என்பது என் கருத்து. என்னைக் கேட்டால் வெபர்ன்தான் அவருடைய பெரிய சாதனை, படப் பாட்டுகள் அதற்கு அடுத்துதான். 1969 முதல் 1971 வரை கலிபோர்னியா இன்ஸ்டிடியூட் ஆஃப் தி ஆர்ட்ஸிலும், 1980 முதல் சாண்டா பார்பராவின் மியூசிக் அகாடமி ஆஃப் தி வெஸ்ட்டிலும் குரல் பயிற்சி கொடுத்தார்.

மகளுக்கு நான் சொல்வது இதுதான். எலைசா, 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் மரியா ஆகிய இரண்டும் சொப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல் வகை) குரலுக்கு எழுதப்பட்டவை, அங்கிருந்து தொடங்கட்டும். பெல்ட் வேண்டுமென்றால் அதைச் சொல்லித்தரத் தெரிந்தவரிடம் தனியாகக் கற்கட்டும், யூடியூப் பார்த்துக் கத்த வேண்டாம். பாடி முடித்தபின் பேச்சுக் குரல் கரகரத்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், அது நாள்கணக்கில் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நோட்டேஷன் வாசிப்பை மட்டும் ஒருநாளும் விட வேண்டாம்.