உப்புத்தெளிப்புச் சோதனையில் தேறினால் போதாதா?

கேள்வி: ஓசூரில் பட்டறை நடத்துகிறேன். அணுமின் நிலையத்துக்கு 304எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வால்வு பாகங்கள் செய்யும் ஆர்டர் வந்துள்ளது. மாதிரிகள் உப்புநீரைத் தெளித்துத் துருப்பிடிக்கிறதா என்று பார்க்கும் உப்புத்தெளிப்புச் சோதனையில் தேறிவிட்டன. ஆனாலும் கோபால்ட் அளவு, கழுவும் தண்ணீர், குறியிடும் மை என்று எல்லாவற்றுக்கும் நிபந்தனை விதிக்கிறார்கள். கதிர்வீச்சு பட்டால் எஃகு விரைவாகத் துருப்பிடிக்குமா?

பதில்: துருவைவிட விரிசலே இங்கே கவலை. உப்புத்தெளிப்புச் சோதனை அதைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாது.

கதிர்வீச்சு முதலில் தண்ணீரைத்தான் மாற்றுகிறது. காமா கதிர்களும் நியூட்ரான்களும் நீர் மூலக்கூறுகளை உடைப்பதால் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆக்சிஜனும் உண்டாகி, உலோகத்தின் அரிமான மின்னழுத்தத்தை உயர்த்துகின்றன; அது உயர்ந்தால் விரிசல் எளிதாகும். தாராப்பூரின் முதல் இரு அலகுகளைப் போன்ற கொதிநீர் உலைகளில் ஹைட்ரஜன் நீராவியோடு பிரிந்துவிடுவதால் இந்தத் தொல்லை அதிகம். கூடங்குளத்திலோ நீரில் சேர்க்கப்படும் அம்மோனியா சிதைந்து தரும் ஹைட்ரஜன் அந்த ஆக்சிஜனேற்றிகளை அடக்கிவைக்கிறது.

உலோகத்துக்குள் நடப்பது வேறு. நியூட்ரான்கள் அணுக்களை இடம்பெயர்க்க, அணு இல்லாத காலியிடங்கள் உண்டாகி, உலோகத்தின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் படிக எல்லைகளை நோக்கி நகரும்போது, அங்கிருந்து எஃகைக் காக்கும் குரோமியம் விலகி நிக்கலும் சிலிக்கானும் சேர்கின்றன. குரோமியம் குறைந்த அந்த எல்லைகளில், இழுவிசையும் இருந்தால், விரிசல் ஓடும். வெல்டிங் சூட்டில் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்வதைத்தான் கார்பன் குறைந்த 'எல்' ரகம் தடுக்கும். நியூட்ரான்களால் வரும் இந்தக் குறைவை அது தடுக்காது. ஆயினும் இந்தச் சேதம் உலையின் மையத்தை ஒட்டிய பாகங்களுக்கே உரியது என்பதால், வெளியே குழாய்வழியில் அமரும் வால்வுக்கு இது பெரிய கவலையன்று.

கோபால்ட் நிபந்தனை விரிசலுக்காக அல்ல. எஃகிலிருந்து கரைந்தோ தேய்ந்தோ நீரில் சேரும் கோபால்ட், மையத்தில் நியூட்ரானை ஏற்று, 5.27 ஆண்டு அரையாயுள் கொண்ட கோபால்ட்-60 ஆகிக் குழாய்களில் படியும். பராமரிப்புக்கு வருபவர்கள்தான் அதன் கதிர்வீச்சை ஏற்க நேரிடும்.

உங்கள் கையில் இருப்பவற்றில் முதன்மையானது தண்ணீர். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது ஊரறிந்த செய்தி. போர்வெல் நீரில் கழுவி உலர்த்தினால் ஃபுளோரைடும் குளோரைடும் இடுக்குகளில் தங்கி, வெல்டிங் ஓரத்தில் விரிசலைத் தூண்டக்கூடும். கடைசிக் கழுவலுக்கும் அழுத்தச் சோதனைக்கும் கனிம நீக்கிய நீரையே பயன்படுத்தி, ஒவ்வொரு தொகுதியிலும் அந்த நீரின் மின்கடத்துதிறனைக் குறித்துவையுங்கள். சாதாரண இரும்புத் தூரிகை படக்கூடாது. அழுத்தித் தேய்க்கும் கிரைண்டிங் மேற்பரப்பில் இழுவிசையை விட்டுச்செல்லும். மை, டேப் ஆகியவற்றுக்கு ஹாலோஜன் (குளோரின், ஃபுளோரின் போன்றவை), கந்தக அளவுச் சான்றிதழை விற்பவரிடமே கேட்டு வாங்குங்கள்.