லேப்டாப் வைஃபை கார்டு: கேட்டவர்களுக்குப் பதில்

இந்த வாரம் லேப்டாப் வைஃபை கார்டு, அதாவது உள்ளே இருந்து வைஃபையும் ப்ளூடூத்தும் பிடிக்கும் சின்னப் பலகை, அதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப் பேர் ரூட்டர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், இரண்டு பேர் பிரிண்டர் பற்றி. அவற்றை ஒதுக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கார்டு போச்சு, மாத்திக் கொடுங்க" என்று என் மேஜைக்கு வரும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் கார்டு போயிருப்பதில்லை. பணத்தை எடுப்பதற்கு முன் முதல் பதிலைப் படித்துவிடுங்கள்.

கே (ஓசூர், கல்லூரி மாணவர்): அண்ணா, நேற்று ராத்திரி வரை ஓடிய வைஃபை காலையில் இல்லை. வைஃபை பட்டனையே காணோம், ப்ளூடூத்தும் இல்லை. புது கார்டு ஆர்டர் போட்டுவிடட்டுமா?

ப: பொறுங்கள் தம்பி. இந்தக் கார்டுகள் சில சமயம் ஒரு மாதிரி உறைந்துபோகும். ரீஸ்டார்ட் செய்தால் தெளியாது, ஏனென்றால் கார்டுக்குப் போகும் மின்சாரம் முழுதாக நிற்பதில்லை. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பாதித் தூக்கத்தில்தான் வைத்திருக்கும். சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி வெளியே கழற்றக்கூடியது என்றால் கழற்றுங்கள். பவர் பட்டனை ஒரு நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் விளக்கு மினுக்கி அணைந்தாலும் கையை எடுக்க வேண்டாம். அப்புறம் சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். "செத்துப்போன" கார்டுகள் பல இதிலேயே எழுந்து உட்காரும்.

எழவில்லையென்றால் விண்டோஸில் பாகங்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். கார்டின் பெயர் இருக்கிறது, மேலே மஞ்சள் முக்கோணம், உள்ளே கோட் 10 அல்லது 43 என்றால் டிரைவரை (கார்டை ஓட்டும் மென்பொருள்) அன்இன்ஸ்டால் செய்து லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். நெட் இல்லாமல் எப்படி இறக்குவது என்று அடுத்து கேட்பீர்கள். மொபைலை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், நெட் வந்துவிடும். பெயரே இல்லையென்றால் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரை) போய் வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

அடுத்து, ஒரு பென்டிரைவில் விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு லினக்ஸ் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' முறையில் ஓட்டுங்கள். அங்கே வைஃபை வந்தால் கார்டு நலம், கோளாறு விண்டோஸில். அங்கேயும் வரவில்லை, ப்ளூடூத்தும் சேர்ந்து போயிருக்கிறது என்றால்தான் கார்டின் மேல் சந்தேகப்படலாம். இரண்டும் ஒரே கார்டில்தான் இருக்கின்றன, ஆனால் வைஃபை பிசிஐ என்ற பாதை வழியாகவும் ப்ளூடூத் யூஎஸ்பி வழியாகவும் மதர்போர்டுக்குப் போகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் கார்டு, அல்லது அதன் ஸ்லாட். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் டிரைவர்.

கே (தூத்துக்குடி, ஹார்பர் பக்கம் வீடு): அண்ணாச்சி, கார்டு ஒரு நாள் தெரியுது, ஒரு நாள் தெரியல. லேப்டாப்பைத் தட்டினா வருது.

ப: தட்டுவதை நிறுத்துங்கள், ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதுவும் போய்விடும். உப்புக்காற்று ஊரில் கார்டின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போகும். பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு கார்டை வெளியே எடுத்து, வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாக ஒரே திசையில் தேயுங்கள். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர்தான். பேனா அழிக்கும் நீல ரப்பர் வேண்டாம், அது சுரண்டிவிடும். துகள்களை பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் திரும்பச் செருகுங்கள். உங்களுக்குப் புது கார்டு தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

கே (யாழ்ப்பாணம்): அண்ணை, என்ரை கார்டு உண்மையாவே பழுது, கடையிலையும் சொல்லிப்போட்டினம். இன்டெல் ஏஎக்ஸ்200 எண்டு ஒண்டு, ஏஎக்ஸ்201 எண்டு ஒண்டு. 201 விலை குறைவு, நம்பரும் கூட. அதை எடுக்கவா? என்ரை லேப்டாப் ரைசன்.

ப: எடுக்காதீர்கள்! இந்த ஒரு விஷயத்தில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் முழுமையான கார்டுகள். வைஃபைக்கு வேண்டிய எல்லா வேலையையும் அந்தச் சின்னப் பலகையே செய்து, பிசிஐ வழியாகக் கணினியோடு பேசும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படியல்ல. இன்டெல் வேலையில் பாதியைத் தன் சிப்செட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. கார்டில் மிச்சம் இருப்பது ரேடியோ பகுதி மட்டும். அதனால்தான் விலை குறைவு. இந்த ஏற்பாட்டுக்கு சிஎன்விஐ என்று பெயர். மறுபாதி உள்ளே இல்லாத கணினியில், அதாவது ஏஎம்டி எல்லாவற்றிலும் (உங்கள் ரைசன் ஏஎம்டிதான்), பழைய இன்டெல்லிலும், 201ஐச் செருகினால் சும்மா கிடக்கும். செருகும் பக்கம் ஒரே மாதிரி இருப்பதால் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், திருகும் ஏறும், டிவைஸ் மேனேஜரில் மட்டும் எதுவும் வராது. கார்டு பழுது என்று கடைக்காரரோடு சண்டை போடுவீர்கள்.

ஆகவே ரைசனுக்கு 200 அல்லது 210. மீடியாடெக் 7921, 7922ம் ரைசனில் நன்றாக ஓடும், ஏஎம்டி லேப்டாப்களோடு அதுவே நிறைய வருகிறது. வைஃபை 7 வேண்டும் என்று இன்டெல் பிஇ200 பக்கம் போகாதீர்கள். அதுவும் பிசிஐ கார்டுதான், ஆனாலும் ஏஎம்டி இயந்திரங்கள் பலவற்றில் ஒத்துவருவதில்லை.

இன்டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு: பழைய கார்டின் பெயரைப் படியுங்கள். 9461, 9462, 9560, 201, 211 என்றால் சிஎன்விஐ. அதே எண்ணை வாங்குவது பத்திரம். 210 போட்டாலும் பெரும்பாலானவற்றில் ஓடும். ஸ்லாட்டுக்கு பிசிஐ கம்பி இழுக்காமல் விட்ட போர்டுகளும் உண்டு, அவற்றில் ஓடாது.

கே (சேலம்): சார், என்னுடையது ஐ5 பதினோராம் தலைமுறை. எந்தக் கார்டு?

ப: பழைய கார்டின் பெயர் என்ன? அதே கார்டு.

கே (விருதுநகர்): ரைசன் 5 லேப்டாப். ஏஎக்ஸ்211 ஆஃபரில் கிடைக்கிறது...

ப: மேலே யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே (தஞ்சாவூர், ஆசிரியை): இதுவரை லேப்டாப்பைத் திறந்ததே இல்லை. நானே மாற்ற முடியுமா? எதையாவது உடைத்துவிடுவேனோ என்று பயம்.

ப: தாராளமாக முடியும் டீச்சர். அரை மணி நேர வேலை, அதில் பெரும்பங்கு மூடியைத் திறப்பதற்குத்தான்.

வாங்கும் முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். 22 மில்லிமீட்டர் அகலம், 30 நீளம், நடுவில் ஒரே திருகு என்றால் எம்.2 2230. இன்றைக்குக் கிடைப்பவை எல்லாம் இந்த அளவுதான். அதைவிட அகலமாக, சுமார் 30 மில்லிமீட்டர் இருந்தால் பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். அதற்கு இன்டெல் 7260 போன்றவை செகண்ட்ஸில் கிடைக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் 7260 இரண்டு அளவிலும் வந்தது, பார்த்து வாங்குங்கள்.

பின்மூடித் திருகுகளைக் கழற்றும்போது ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப் அடிப்பக்கத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கே இருந்ததோ அங்கேயே வையுங்கள். நீளம் ஒரே மாதிரி இருக்காது. நீளத் திருகைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் கை வைக்கும் பக்கத்தில் முட்டிக்கொண்டு வரும். எல்லாத் திருகையும் எடுத்தும் மூடி வரவில்லையென்றால் இழுக்காதீர்கள், ரப்பர் காலுக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு நகர்த்தினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும்.

திறந்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஆஃப் செய்துவிட்டோமே என்று விடாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் கார்டோடு போகாது, போர்டே போகும். பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது கார்டு. அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமாக, அல்லது சாம்பலுமாக, இரண்டு மெல்லிய கம்பிகள் ஒட்டியிருக்கும். அவைதான் ஆன்டெனாவுக்குப் போகும் கம்பிகள். முதலில் மொபைலில் படம் எடுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. கம்பி முனையில் இருக்கும் வட்டத் தலைக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நேர்மேலே தூக்குங்கள். திருகை எடுத்ததும் கார்டு தானே சாய்வாக எழும்பி நிற்கும். அந்தச் சாய்விலேயே இழுங்கள், புதியதை அதே சாய்வில் செருகிப் படுக்கவைத்துத் திருகுங்கள்.

கம்பியை மாட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். வட்டத் தலையை கார்டின் குமிழ் மேல் வைத்து, அழுத்தாமல் விரல் நுனியால் லேசாக அசையுங்கள். சரியாக உட்கார்ந்தால் பக்கவாட்டில் நகராது. அதன் பிறகு நேராக ஒரே அழுத்து. பிரஸ் பட்டன் மாதிரி 'டக்' என்று ஒரு சின்ன சத்தம் கேட்கும், அல்லது விரலில் தெரியும். கேட்கவில்லையென்றால் எடுத்துவிட்டு மறுபடி. கோணலாக வைத்து அழுத்தினால் குமிழ் நசுங்கும், புது கார்டு அவ்வளவுதான். சும்மா சும்மா கழற்றி மாட்டவும் வேண்டாம், இந்த கனெக்டர்கள் முப்பது தடவைக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல.

எந்தக் கம்பி எங்கே? கார்டில் முக்கோணக் குறி இருக்கும். பொதுவாக வெள்ளை முக்கோணம் மெயின், கறுப்பு ஆக்ஸ் (துணை). இரண்டு ஆன்டெனா கார்டில் மாறினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கே (நாகர்கோவில்): இவ்வளவு தலைவலி எதற்கு அண்ணாச்சி? 500 ரூபாய்க்கு யூஎஸ்பி டாங்கிள் வாங்கிச் செருகினால் முடிந்தது. டீச்சரை எதற்குத் திருகு பிடுங்க வைக்கிறீர்கள்?

ப: அந்த 500 ரூபாய் நகம் அளவு டாங்கிளில் ஆன்டெனாவும் நகம் அளவுதான். பெரும்பாலும் ஒரே ஆன்டெனா. லேப்டாப்புக்குள் கம்பி ஸ்கிரீனைச் சுற்றி மேலே வரை போவதற்குக் காரணம் இருக்கிறது.

கே (நாகர்கோவில், மறுபடியும்): எனக்கு யூடியூப் ஓடுகிறதே?

கே (கோவை, நெட்வொர்க் வேலை): குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டாங்கிளும் வேண்டாம், கார்டும் வேண்டாம். லேன் கேபிள் போடுங்கள்.

கே (நாகர்கோவில்): படுத்துக்கொண்டு படம் பார்க்கிறவன் லேன் கேபிளை எங்கே கட்டுவது?

ப: இரண்டு பேரும் கொஞ்சம் இருங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டும் அதில் செருகிய டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே இரைச்சல் கிளப்பும். இன்டெல்லே 2012இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை லேப்டாப்போடு ஒட்டிச் செருகி, பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கையும் மாட்டிவிட்டு சிக்னல் இல்லை என்றால் யார் என்ன செய்வது? டாங்கிள்தான் என்றால் ஒரு அடி எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள்.

ஆனால் நாகர்கோவிலார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் கார்டு என்று தனியாக எதுவும் கிடையாது. 12க்கு 16 மில்லிமீட்டர் சிப்பாகப் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அவற்றுக்கு டாங்கிளே வழி. ஸ்லாட் இருக்கும்போது ஒரு போர்ட்டை அடைத்துக்கொண்டு, பையில் வைக்கும்போதெல்லாம் பிடுங்கிக்கொண்டு அலைவது என்னால் ஆகாது. கோவைக்காரர் சொன்ன கேபிள் மேஜைக் கணினிக்குச் சரி. டாங்கிள் பற்றி இன்னும் வந்திருக்கும் ஆறேழு கடிதங்களை நான் திறக்கப் போவதில்லை.

கே (திண்டுக்கல்): ஸ்கிரீன் மடியும் கீல், அந்த ஹிஞ்ச் உடைந்து ஒட்டியதிலிருந்து ரூட்டருக்குப் பக்கத்தில் மட்டும்தான் வைஃபை வருகிறது. கார்டு மாற்றினேன், அதே கதை.

ப: மாற்றியிருக்கவே வேண்டாம். ஆன்டெனா கம்பி ஹிஞ்ச் வழியாகத்தான் ஸ்கிரீனுக்கு ஏறுகிறது. உடைந்தபோது நசுங்கியிருக்கும், அல்லது ஒட்டியவர் பசையோடு சேர்த்து அழுத்தியிருப்பார். கம்பியைத் தனியாக வாங்கி மாற்றலாம், ஆனால் ஸ்கிரீன் சட்டத்தைப் பிரிக்க வேண்டும். இது கடை வேலை.

கே (ஈரோடு): பழைய திங்க்பேட் எக்ஸ்230. புது கார்டு போட்டதும் 1802 என்று ஏதோ எழுதிவிட்டு நின்றுவிட்டது.

ப: பயாஸ் பூட்டு. அந்தக் காலத்தில் கம்பெனி பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காதபடி வைத்திருந்தார்கள். பழைய ஹெச்பியில் இதுவே 104 என்ற எண்ணோடு வரும். கார்டைக் கழற்றினால் லேப்டாப் பழையபடி ஓடும், பயப்பட வேண்டாம். அந்த மாடலுக்கு லெனோவா பகுதி எண்ணோடு வந்த கார்டைத் தேடி வாங்குங்கள். மாற்று பயாஸ் ஏற்றிப் பூட்டை உடைப்பவர்கள் உண்டு, முதல் முறை செய்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கே (கரூர்): போனில் 5 கிகாஹெர்ட்ஸ் தெரிகிறது, லேப்டாப்பில் தெரியவே இல்லை. கார்டு பழுதா?

ப: கார்டின் பெயர் ரியல்டெக் 8723 என்று தொடங்குகிறதா? அது 2.4 மட்டும் பிடிக்கும் கார்டு, பழுதில்லை. மாற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் திறந்து பாருங்கள், மலிவு மாடல்களில் ஆன்டெனா கம்பியே ஒன்றுதான் விட்டிருப்பார்கள். இரண்டு ஆன்டெனா கார்டை ஒரே கம்பியில் ஓட்டலாம், வேகம் பாதிதான்.

கே (மதுரை): விண்டோஸ் 7இல் ஏஎக்ஸ்210?

ப: டிரைவர் கிடையாது. குறைந்தது 64 பிட் விண்டோஸ் 10 வேண்டும். லினக்ஸ் என்றால் கெர்னல் 5.10 அல்லது அதற்கு மேல்.

கே (வேலூர்): ராத்திரி எட்டு மணிக்கு மேல் மட்டும் வீட்டில் எல்லா போனிலும் நெட் மெதுவாகிறது. லேப்டாப் கார்டை மாற்றினால் சரியாகுமா?

ப: ஆகாது. ரூட்டர்.

கே (சென்னை): ரைசன் 7. ஏஎக்ஸ்201 வாங்கிவிட்டேன். செருகினால் எதுவும் வரவில்லை.

ப: ரிட்டர்ன் போடுங்கள். பெட்டியைக் கிழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கே (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, கார்டு மாத்தியாச்சு, வைஃபை வருது, ஆனா ஒரு கோடுதான் காட்டுது. அந்தக் கார்டுத் திருகு வேற எங்கயோ விழுந்துட்டு. திருகு இல்லாமலே மூடிட்டேன்.

ப: திரும்பத் திறங்கள். பேட்டரி கனெக்டர் முதலில், மறந்துவிடாதீர்கள். சிக்னல் ஒரு கோடு என்றால் கம்பித் தலை குமிழ் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, 'டக்' ஆகவில்லை. திருகு லேப்டாப்புக்கு உள்ளேதான் எங்காவது கிடக்கும். அது போர்டில் உருண்டால் ஆபத்து. கவிழ்த்து ஆட்டிப் பாருங்கள், ஃபேன் பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். கிடைக்கவே இல்லையென்றால் 2 மில்லிமீட்டர் தடிமன், 3 மில்லிமீட்டர் நீளத் திருகு ஒன்று கடையில் தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். தொலைந்த திருகைக் கண்டுபிடிக்காமல் ஆன் மட்டும் செய்யாதீர்கள்.