குக்கர் சத்தமும் கோயில் மணியும்: பெரியம்மாவின் அடுக்களைக் கேள்வி பதில்

இந்த வாட்டி வந்த கேள்வில பாதிக்கு மேல பெரிய குடும்பத்துக்காரங்க கேட்டது, கிறிஸ்மஸ் நெருங்குதுல்ல, அதனால நாசரேத், மெஞ்ஞானபுரம், பாளையங்கோட்டை, தூத்துக்குடி பக்கத்து ஆளுகதான் நிறைய. நானும் பதினாலு பேர் இருந்த வீட்ல வளந்தவதான். ஒரே அடுக்களை, ரெண்டு விறகடுப்பு, ஒரு அம்மி, நாலு பொம்பளைங்க. அதனால கொஞ்சம் கூடவே பேசிட்டேன்னா பொறுத்துக்கோங்க.

கேள்வி: பெரியம்மா, நான் கோயமுத்தூர் பொண்ணு, கல்யாணமாகி நாசரேத் பக்கம் வந்து எட்டு மாசம் ஆகுது. வீட்ல மாமா, அத்தை, பெரிய மாமா குடும்பம், கொழுந்தனாருங்க, பிள்ளைங்க எல்லாம் சேத்து பதிமூணு பேரு. ஞாயித்துக்கிழமை எட்டரைக்கு ஆராதனை, அதுக்குள்ள கறி வாங்கி குழம்பு வச்சு சோறு வடிச்சுட்டு ஓடணும், நான் போய் சேரும்போது பிரசங்கம் ஆரம்பிச்சிருது. அத்தை ஒண்ணும் சொல்றதில்ல, ஆனா ஒரு பெருமூச்சு விடுவாங்க பாருங்க, அதுக்கு ரெண்டு வார்த்தை திட்டிடலாம். என்ன பண்றது?
*(புது மருமகள், நாசரேத்)*

பதில்: எம்மா, அந்தப் பெருமூச்சு உனக்கு விட்டதுனு ஏன் நினைக்க? முப்பது வருசமா அவங்களும் பாதி பிரசங்கம்தான் கேட்டிருப்பாங்க, அது ஞாபகம் வந்திருக்கும்.

முதல்ல, கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி குழம்பு முடியணும்ங்கிறத விடு. கறிதான் வேகணும். ஆறு மணிக்கு கறிக்கடைக்கு ஆம்பளைங்கள்ல ஒருத்தர் போகட்டும், பதிமூணு பேருக்கு எலும்போட ரெண்டு கிலோ போதும். கழுவி, மஞ்சள், உப்பு, ஒரு கை சின்ன வெங்காயம், தண்ணி கொஞ்சமா ஊத்தி பெரிய குக்கர்ல போடு. பத்து லிட்டர் குக்கரா இருக்கணும், மூணுல ரெண்டு பங்குக்கு மேல எப்பவும் ரொப்பாத. ஆறு விசில், அப்புறம் அஞ்சு நிமிசம் சிம்ல, அணைச்சிரு. அந்த ஆவிலயே உள்ள கறி வெந்துட்டு கிடக்கும், நீ வர்றதுக்குள்ள பஞ்சாட்டம் ஆயிரும். மல்லி, மிளகு, சீரகம், மிளகா வத்தல் எல்லாத்தையும் சனிக்கிழமை ராத்திரியே வறுத்து பொடிச்சு வச்சிரு. தேங்காய மட்டும் ராத்திரி அரைக்காத, காலைல புளிச்சுப்போய் நிக்கும். கோயில்ல இருந்து வந்து சேலைய மாத்துறதுக்கு முன்னாடி உலைய வச்சிரு, சேலைய மாத்திட்டு வந்து தேங்காய அரை, தாளிச்சு, பொடிய போட்டு, கறிய அந்தத் தண்ணியோட ஊத்தி, தேங்காய கடைசில விட்டு ஒரு கொதி. மொத்தமே முப்பது நிமிசம்தான்.

அடுப்ப அணைக்காம "சிம்ல இருக்கட்டும், வந்து பாத்துக்கலாம்"னு மட்டும் போயிராத. எங்க சின்ன சித்தி ஒரு தடவை அப்படித்தான் வச்சுட்டு வந்துட்டா, அன்னைக்குனு எங்க சபை போதகர் ஐயர் நீளமா பிரசங்கம் பண்றாரு, மூணாவது பாயிண்டுக்கு வந்தப்போ சித்திக்கு ஞாபகம் வந்துருச்சு. முகம் வெளுத்து எந்திரிச்சு ஓடுனவள, பரிசுத்த ஆவி தொட்டிருச்சுனு பக்கத்துல இருந்தவங்க நினைச்சிருக்காங்க. வீட்ல போய் பாத்தா கறி கரிதான். அன்னைக்கு பதினாலு பேரும் சாப்பிட்டது கத்திரிக்காய் புளிக்குழம்பு.

இன்னொண்ணு, அளவு. நாலு பேருக்கு உண்டானத அப்படியே மூணால பெருக்காத. அரிசியும் கறியும் பெருகும், தண்ணியும் காரமும் அந்தக் கணக்குல பெருகாது. பெரிய பாத்திரத்துல தண்ணி வத்துறது கம்மி, அதனால மூணு மடங்குக்குப் பதிலா ரெண்டேகால் மடங்கு வை, பத்தலனா ஊத்திக்கலாம். அரிசி ஒண்ணரை கிலோ, வாலிபப் பசங்க இருந்தா ஒண்ணே முக்கால்.

அப்புறம், இது சமையல் இல்ல, ஆனா முக்கியம். முதல் பந்தில பிள்ளைங்களும் ஆம்பளைங்களும் உக்காருவாங்க, கடைசி பந்தில பொம்பளைங்களுக்கு எலும்பும் குழம்பும் மிஞ்சும், அதுதான எல்லா வீட்டு வழக்கமும்? எங்க அம்மா என்ன பண்ணுவானா, பந்தி போடுறதுக்கு முன்னாடியே ஒரு சின்னச் சட்டில நல்ல துண்டா, ஈரலோட சேத்து எடுத்து அடுப்பு மேட்டுல மூடி வச்சிருவா. யாராவது கேட்டா "அது நாளைக்கு". சாயங்காலம் மூணு மணிக்கு நாலு பொம்பளைங்களும் கதவ சாத்திட்டு தின்போம். நீயும் ஒரு சட்டி எடுத்து வை, அத்தைக்கும் சேத்து. பெருமூச்சு என்ன ஆகுதுனு பாரு.

கேள்வி: முந்திரிக்கொத்து எண்ணெய்ல போட்டதும் பிளந்து பொடிப்பொடியா வந்துருது. வீட்ல இருக்கவங்க சிரிக்காங்க. முந்திரிப்பருப்ப பொடிச்சு போட்டா பிடிச்சுக்குமா?
*(ஒரு வாசகி, நாகர்கோவில்)*

பதில்: நாகர்கோவில்ல இருந்துட்டு இதக் கேக்கலாமா! முந்திரிக்கொத்துல முந்திரிப்பருப்புக்கு வேலையே இல்ல. இங்க முந்திரினா கொடிமுந்திரி, அதாவது திராட்சை, மூணு மூணா ஒட்டிக்கிட்டு கொத்தா இருக்கறதால அந்தப் பேருனு எங்க ஆச்சி சொல்லுவா. உள்ள இருக்கது சிறுபயறு. ஒரு கிலோ பயற வாசம் வர வறுத்து மில்லுல கொரகொரப்பா திரிச்சு, முக்கால் கிலோ வெல்லம் இல்லனா கருப்பட்டி பாகு, நல்லா செவக்க வறுத்த தேங்காப்பூ, ஏலக்காய், சுக்கு. தேங்காய்ல ஈரம் இருந்துச்சுனா நாலாவது நாளே சிக்கு வாடை அடிக்கும்.

உனக்கு பிளக்கறதுக்கு ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். பாகு பிசுக்குப் பதத்துக்கு வராம ஊத்திருப்ப, இல்ல உருண்ட பிடிச்ச உடனே முக்கிருப்ப. உருண்டைய ஒரு ராத்திரி காத்தாட கிடக்க விடு, இறுகிரும். மேல்மாவு பச்சரிசி மாவு, மஞ்சள், உப்பு, தோசைமாவவிட ஒரு சொட்டு கெட்டியா. எண்ணெய் நல்லா காயணும், உள்ள இருக்கது ஏற்கெனவே வெந்ததுதான், மேல தோல் மொறுமொறுனு ஆனா போதும். மூணு உருண்டைய சேத்து விடு, ஒத்தையா விட்டா அது போண்டா.

கேள்வி: நாங்க ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), கட்டிக்கிட்டு வந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். போன தவக்காலத்துல வெள்ளிக்கிழமை நான் கறி தொடாம இருந்ததுக்கு, "இங்க அப்படி சட்டம் ஒண்ணும் கிடையாது"னு மதினி சொன்னாங்க. அதே மதினி லெந்துல, அதான் அதே தவக்காலத்துல, நாப்பது நாளும் மீன்கூட வாங்க விடல, ஞாயித்துக்கிழமையும் சேத்து! யாரு சொல்றது சரி?
*(தூத்துக்குடிப் பொண்ணு, சாயர்புரம்)*

பதில்: ரெண்டு பேரும் சரி, ரெண்டு பேருக்கும் பசி. உங்க சபை ஒழுங்குப்படி பதினாலு வயசுல இருந்து தவக்கால வெள்ளிகள்ல இறைச்சி கிடையாது, சாம்பல் புதனும் புனித வெள்ளியும் பதினெட்டுல இருந்து அம்பத்தொம்பது வயசு வரைக்கும் ஒரே ஒரு முழுச் சாப்பாடு. மீனுக்குத் தடையில்ல. சி.எஸ்.ஐ.ல இத ஆளாளுக்கு மனசுக்கு விட்டிருக்கு, ஆனா வழக்கம் ரொம்ப கெட்டி, நெறைய வீட்ல நாப்பது நாளும் கறிச்சட்டிய கவுத்து வச்சிருவாங்க.

மதினிகிட்ட ஒரு கணக்கு மட்டும் மெதுவா சொல்லிப் பாரு. சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரைக்கும் எண்ணுனா நாப்பத்தாறு நாள் வரும். அதுல ஆறு ஞாயிறு, அத கழிச்சாதான் நாப்பது. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், உபவாசக் கணக்குல வராது. ஒத்துக்கிட்டா ஞாயித்துக்கிழமை மீன்குழம்பு உங்க வீட்டு பக்குவத்துல நீயே வை, தூத்துக்குடிக்காரி வச்சா மறுபேச்சு இருக்காது. பெரிய வெள்ளிக்கு மட்டும் சண்டையே இல்ல, பன்னெண்டுல இருந்து மூணு மணி ஆராதனைல, சிலுவைல இயேசு சொன்ன ஏழு வார்த்தையும் கேட்டு முடிச்சு வந்தா கஞ்சியும் பயறும் தேங்காத் துவையலும், எல்லா சபைக்கும் ஒரே ருசி.

கேள்வி: ராத்திரி எட்டு மணிக்கு குடும்ப ஜெபம். அதுக்குள்ள சின்னப் பிள்ளைங்க சாப்பிடாமலே தூங்கிருது. தாத்தா நேரத்த மாத்த மாட்டேங்காரு.
*(இரட்டைப் பிள்ளைங்க அம்மா, பாளையங்கோட்டை)*

பதில்: தாத்தாவ மாத்தாத, தோசைய மாத்து. ஏழரைக்கு பிள்ளைங்களுக்கு மட்டும் ஊட்டிரு. அப்புறம் அவுக ரெண்டு பேரும் முழுத் தெம்போட வந்து பாமாலைய கத்திப் பாடுவாங்க பாரு, தாத்தாவே ஜெபத்த சுருக்கிருவாரு.

கேள்வி: கோயில் அறுப்பின் பண்டிகைல காணிக்கையா வந்தத ஏலம் விட்டப்போ எங்க வீட்டுக்காரர் வீம்புக்கு பதினோரு கிலோ பூசணிக்காய எடுத்துட்டு வந்துட்டாரு. என்ன விலைனு கேக்காதீங்க.
*(மெஞ்ஞானபுரம்)*

பதில்: கேக்கல. ஒரு எலுமிச்சம்பழம் ரெண்டாயிரத்துக்குப் போனத நானே பாத்திருக்கேன், எதுத்தாப்ல ஏலம் கேட்டது சகலையா இருந்தா விலை உங்க ஊர் கோயிலோட 192 அடி கோபுரத்துக்கு மேலயே ஏறும். பூசணிய வெட்டாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது, காம்போட, தரைல படாம பிரிமணைல வை, மாசக்கணக்குல கிடக்கும். வெட்டிட்டனா அன்னைக்கே பங்கு வச்சு நாலு வீட்டுக்கு கொடு. மிச்சத்துல தட்டைப்பயறு போட்டு புளிக்கறி, ஒரு பங்கு துருவி கருப்பட்டி சேத்து அல்வா. ஏலம் எடுத்தவரையே துருவ விடு.

கேள்வி: போன இதழ்ல "ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் சமைக்கட்டும்" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் அடுக்களைக்குள் போகும் வழக்கம் இல்லை.
*(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இடையன்குடி பக்கம்)*

பதில்: ஐயா, ஸ்தோத்திரம். உங்க ஊர் கோயில் அசன விருந்துக்கு யாரு சமைக்கா? விடிய விடிய கிடாரத்துக்குப் பக்கத்துல வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நின்னு, ஆயிரம் பேருக்கு சோறும் கறியும் ஆக்கி, உப்பு சரியானு உள்ளங்கைல ஊத்தி நக்கிப் பாக்கறது பூரா ஆம்பளைங்கதான? ஆயிரம் பேருக்கு ஆக்கத் தெரிஞ்சவங்களுக்கு பதிமூணு பேருக்கு ஆக்கத் தெரியாதுனா அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடல, நீங்க வாத்தியார், நீங்களே சொல்லுங்க.

கேள்வி: கோயிலுக்குனு எடுத்து வைக்கிற பிடி அரிசி டப்பால வண்டு விழுந்துருது. அப்படியே கோயிலுக்குக் கொடுக்கலாமா?
*(சாத்தான்குளம்)*

பதில்: கூடாது. நாலு காஞ்ச வத்தல போட்டு வை, ஈரக்கையால பிடி அள்ளாத, மாசம் முடியற வரைக்கும் சேக்காம வாரா வாரம் கொண்டு கொடுத்துரு. இந்த வழக்கம் நம்ம ஊர்ல மட்டும்னு நினைச்சிருந்தேன், மிசோரம் சபைகள்லயும் 1910ல இருந்து பொம்பளைங்க உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்கிறாங்களாம். ஆனா ஒண்ணு, வீட்ல பொன்னி சாப்பிட்டுட்டு டப்பாக்கு மட்டும் ரேஷன் அரிசி போடுறது எனக்குத் தெரியும். எங்க பெரிய சித்தியும் போட்டா.

கேள்வி: ரம் ஊத்தாம பிளம் கேக் வருமா? எங்க அத்தை மதுவிலக்கு சங்கம் மாதிரி. வேகும்போது ஆவியாப் போயிரும்னு சொன்னா நம்ப மாட்டேங்காங்க.
*(மருமகள்கள் மூணு பேர், நாலுமாவடி)*

பதில்: அத்தை நம்பாததுதான் சரி, முழுசும் போகாது, கொஞ்சம் உள்ளயே நிக்கும். கருப்பு திராட்சைய வேக வச்சு வடிச்ச சாறு, அதுல கிஸ்மிஸ், பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, ஆரஞ்சு தோல் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் ஊற விடுங்க. வெளிய வச்சீங்கனா சாறு நுரைச்சு தானே புளிச்சிரும், அப்புறம் அத்தைகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும். நிறத்துக்கு சீனிய கருக்கிக்கோங்க, புகை லேசா கிளம்புற நேரத்துல அடுப்ப அணைச்சு தள்ளி நின்னு வெந்நிய ஊத்தணும், தெறிக்கும், பிள்ளைங்கள வெளிய அனுப்பிருங்க. மூணு மருமகளும் ஒரே நேரத்துல கிண்ட நிக்காதீங்க, ஒருத்தி முட்டை அடிங்க, ஒருத்தி மாவு சலிங்க, மூணாவது ஆளு அத்தைய பேச்சுல பிடிச்சு வையுங்க.